தராசும் மல்லனும்

ஆமூரில் நடந்த ஒரு மற்போரைப் பற்றிப் புறநானூற்றில் சில பாடல்கள் உள்ளன. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழ இளவல் ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் மூன்று பாடல்களில் சொல்கிறார். அவன்மேல் காதல் கொண்ட நக்கண்ணையார் அதே போரைப் பாடும்போது களத்தைவிட ஊரையே அதிகம் கவனிக்கிறார். வெற்றி அவனுடையது என்று ஒரு சாராரும் இல்லை என்று மற்றொரு சாராரும் வாதிட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் பனைமரத்தை ஒட்டி நின்று அவன் வென்றதைக் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். தமிழில் பதிவான முதல் விளையாட்டு ரசிகர் சண்டை இதுவே என்பது எங்கள் கட்சி. அந்தச் சண்டை பம்மலில் இன்றும் ஓயவில்லை.

நாங்கள் ஐவர். பம்மல் என்றால் இலக்கிய வாசகர்களுக்குச் சம்பந்த முதலியார் நினைவுக்கு வருவார். அக்கம்பக்கத்தாருக்குத் தோல் பதனிடும் தொழிற்கூடங்களின் வாடை நினைவுக்கு வரும். மல்யுத்தம் எவருக்கும் நினைவுக்கு வராது. இத்தனைக்கும் பக்கத்திலேயே பல்லாவரத்துக் குன்றில் மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கிறது; இன்று அது தர்கா. அவன் மகன் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்று பட்டம். பெரிய மல்லன் என்பதைப் பெருமையாகச் சூடிக்கொண்ட அரசர்களின் நிழலில் குடியிருந்துகொண்டு, கிரிக்கெட்டும் கபடியும் தவிர வேறெதுவும் அறியாமல்தான் நாங்களும் வளர்ந்தோம்.

2008 ஆகஸ்டில் சுசீல் குமார் பெய்ஜிங்கில் வெண்கலம் வென்ற அன்று அனகாபுத்தூர் சாலையில் ஒரு டீக்கடைத் தொலைக்காட்சியின் முன் நின்றிருந்தோம். முதற்போரிலேயே தோற்ற ஒருவர், தம்மை வென்றவர் இறுதிப்போட்டிக்குச் சென்றதால் மறுவாய்ப்புப் பெற்று, அடுத்தடுத்து மூவரை வென்று பதக்கத்தோடு எழுந்தார். தோற்றவனையும் திரும்ப அழைக்கிற இந்த விதி எங்களுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. அன்றிலிருந்து ரசிகர்களானோம். ரசிகர் என்றால் பார்ப்பவர் மட்டும் அல்லர், கருத்துச் சொல்பவர். எங்களிடம் கருத்துகளுக்குக் குறைவே இருந்ததில்லை.

பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து அமெரிக்கக் கல்லூரிகளின் மல்யுத்தப் போட்டிகளைப் பார்த்தோம். அங்கே கல்லூரிகளுக்கென்றே தனி மல்யுத்த முறை உண்டு. எதிராளியைக் கீழே அழுத்தி அடக்கி வைத்திருக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளப்பார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் முந்தியிருப்பவருக்கு இறுதியில் ஒரு புள்ளி கிடைக்கும். எங்களில் இருவருக்கு அந்த விதி பிடிக்கும், மூவருக்குப் பிடிக்காது. அடக்கி வைத்திருப்பதும் ஒரு கலை என்பது இருவர் வாதம். படுத்துக் கிடப்பதற்கு எதற்குப் புள்ளி என்பது மற்ற மூவர் வாதம். 2023-24 பருவத்திலிருந்து நின்றநிலையில் வீழ்த்துவதற்கு இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி என்று மாற்றினார்கள். அதை மட்டும் ஐவரும் ஒருமனதாக வரவேற்றோம்.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேல் சாண்டர்சன் 1999 முதல் 2002 வரை 159 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 2004இல் ஏதென்ஸில் தங்கமும் வென்றார். பிறகு பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகி, 2011 முதல் 2025 வரை அந்த அணியை 12 முறை தேசிய வாகையராக்கினார். ஆனால் எங்கள் தெருவில் அதிகம் பேசப்பட்டவர் டான் கேபிள். கல்லூரிக் காலம் முழுவதும் வென்றுகொண்டே வந்தவர், 1970இல் கடைசிப் போட்டியில் லாரி ஓவிங்ஸ் என்பவரிடம் தோற்றார். அந்த ஒரு தோல்வியைச் சுமந்துகொண்டு போய் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றார். எங்களுக்கோ கேபிளைவிட ஓவிங்ஸ்தான் நாயகன். கேபிளோடு மோத வேண்டும் என்பதற்காகவே தம் எடையைக் குறைத்துக்கொண்டு அந்தப் பிரிவுக்கு இறங்கி வந்தவர் அவர். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இந்தக் கதையை நாங்கள் ஒருவனுக்குச் சொன்னோம்.

நம் கல்லூரிகளில் இப்படியொரு மரபு இல்லையே என்று நாங்கள் அங்கலாய்ப்பதுண்டு. முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கத்தை வென்ற கஷாபா ஜாதவ், கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் படித்தவர். அவரை அனுப்புவதற்காகக் கல்லூரி முதல்வர் கர்டேகர் தம் வீட்டை அடகுவைத்து 7000 ரூபாய் கொடுத்தார். நம் சென்னையும் அந்தக் கதையில் வருகிறது, பெருமைப்படும்படியாக அல்ல. சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் வேண்டுமென்றே தமக்கு ஒரு புள்ளி குறைத்துப் போட்டார்கள் என்று ஜாதவ் முறையிட்டார். பாட்டியாலா மகாராஜா தலையிட்டு மறுபடி தேர்வுப்போட்டிக்கு வழிசெய்த பிறகே அவர் கப்பலேறினார். ஒரு புள்ளியில் நின்றது அந்தப் பதக்கம். ஒரு மாணவனுக்காக வீட்டை அடகுவைக்கிற முதல்வர்தான் எங்கள் அகராதியில் கல்லூரி மல்யுத்தத் திட்டம் என்பதற்குப் பொருள். அதன் பிறகு நம் மல்லர்களை உருவாக்கியவை பெரும்பாலும் அகாடாக்கள். கல்லூரிகள் சான்றிதழ்களைச் சேகரித்துக்கொண்டன.

எங்கள் ஐவரில் ஒருவன் மட்டும் பார்ப்பதோடு நிற்கவில்லை. படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் மெத்தை விரித்துச் சொல்லிக்கொடுத்த இடத்துக்கு நாள் தவறாமல் போனான். அவனை நாங்கள் கேலியாக மாமல்லன் என்று அழைத்தோம். இங்கும் அப்படியே அழைக்கிறோம். விரைவிலேயே அவனுக்குக் காலைப் பிடித்து வீழ்த்தும் வித்தை கைவந்தது. பல்கலைக்கழக அணிக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு வந்தபோது எங்கள் தெருவே அவன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அது 2009 டிசம்பர். அப்போது ஆண்களுக்கான எடைப் பிரிவுகள் 55, 60, 66, 74, 84, 96, 120 கிலோ. மாமல்லன் 60 கிலோ. அந்தப் பிரிவில் ஏற்கெனவே ஒரு மூத்த மாணவர் இருந்தார். ஓர் எடைக்கு ஒருவர்தான். 55இல் ஆளில்லை. “அஞ்சு கிலோதானே, இறங்கிடு” என்று கல்லூரியில் சொன்னார்கள். யார் சொன்னார், எந்தக் கல்லூரி என்பது இப்போது முக்கியமில்லை. ஏனென்றால் அவன் தயங்கிக்கொண்டு வந்து நின்றபோது ஓவிங்ஸின் கதையைச் சொன்னவர்கள் நாங்கள்.

பத்து நாட்கள். முதல் வாரம் சோற்றை நிறுத்தினான். அவன் அம்மா எங்களைக் கூப்பிட்டு, “என்னடா பண்றான் இவன், பொம்பளப் புள்ளைங்க மாதிரி தட்ட ஒதுக்கறான்” என்று கேட்டார். போட்டிக்காக என்று சொல்லிச் சமாளித்தோம். பிறகு தண்ணீரைக் குறைத்தான். விடியற்காலையில் உடம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, அதன்மேல் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு அனகாபுத்தூர் ஆற்றுப்பாலம் வரை ஓடுவான். நாங்கள் சைக்கிளில் பின்னால் போவோம். அவன் நின்றால் கைதட்டுவோம். வாயில் ஊறும் எச்சிலை விழுங்கக் கூடாது, துப்ப வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னவனும் எங்களில் ஒருவனே. பல்லாவரம் ரயில் நிலையத்தில் வண்ண விளக்குகள் சுழலும் எடைபார்க்கும் இயந்திரத்தில் நாள்தோறும் காசு போடுவோம். அட்டையின் ஒரு பக்கத்தில் எடையும் மறுபக்கத்தில் நல்வாக்கும் வரும். 58 என்று வந்த அன்று ‘உங்கள் முயற்சி திருவினையாகும்’ என்கிற மாதிரி ஏதோ இருந்தது. அதைச் சத்தமாகப் படித்துக் கொண்டாடினோம்.

எங்களில் இருவர் அவனோடு வடக்கே போனோம். முன்பதிவில்லாப் பெட்டியில் மற்றவர்கள் பொட்டலம் பிரித்துச் சாப்பிட, அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தான். அக்காலத்தில் போட்டிக்கு முந்திய நாள் மாலையே எடை பார்ப்பார்கள். தராசில் அவன் ஏறியபோது 54.9. நாங்கள் கத்திய கத்தலில் அலுவலர் திரும்பிப் பார்த்தார். இறங்கும்போது அவன் உதடு வெடித்திருந்ததையும் கண் உள்ளே போயிருந்ததையும் பார்த்தோம். பார்த்துவிட்டு வெற்றி என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் நடந்ததைப் புரிந்துகொள்ள அன்றைய விதியைச் சொல்ல வேண்டும். இரண்டிரண்டு நிமிடங்களாக மூன்று சுற்றுகள்; இரண்டை வென்றவர் வென்றவர். ஒரு சுற்றில் எவரும் புள்ளி எடுக்காவிட்டால் நடுவர் ஒரு பையிலிருந்து வண்ணப் பந்தை எடுப்பார். யாருடைய வண்ணமோ அவர் எதிராளியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு தொடங்கலாம். முப்பது நொடிக்குள் வீழ்த்தினால் புள்ளி அவருக்கு. வீழ்த்தத் தவறினால் எதிராளிக்கு. திருவிளையாடலை விதிப்புத்தகத்தில் சேர்த்தது போன்ற ஏற்பாடு. குலுக்கலில் கால் கிடைத்தவரே பெரும்பாலும் வெல்வார் என்பதால் அதை நாங்கள் சூதாட்டம் என்றே சொல்லிவந்தோம்.

முதற்சுற்று பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பந்து அவன் வண்ணமாக வந்தது. நாங்கள் துள்ளினோம். எத்தனையோ மாலைகளில் எங்கள் ஒவ்வொருவர் காலையும் பிடித்து நொடியில் மண்ணில் சாய்த்தவன் அவன். நடுவர் ஊதினார். அவன் கைகள் அந்தக் காலைச் சுற்றியிருந்தன, ஆனால் பிடிக்கவில்லை. விரல்கள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள முடியாமல் நழுவின. முப்பது நொடியும் எதிராளி ஒற்றைக்காலில் சும்மா நின்றார். புள்ளி அவருக்குப் போயிற்று. இரண்டாம் சுற்றில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, ஆறு புள்ளி. மெத்தையிலிருந்து அவனை நாங்கள் இருவரும் தூக்கித்தான் வந்தோம். அன்றிரவு ஒரு மருத்துவமனையில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஊர் திரும்பிய பிறகு அவன் அந்த மெத்தைக்குப் போகவே இல்லை. நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பந்து விதியைத் திட்டினோம்.

அந்த விதி 2013இல் ஒழிந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் மல்யுத்தத்தையே ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப் பரிந்துரை வந்ததும் சர்வதேச அமைப்பு விழித்துக்கொண்டு, மூன்று மூன்று நிமிடங்களாக இரண்டு பகுதி, மொத்தப் புள்ளிக்கே வெற்றி என்று மாற்றியது. செப்டம்பரில் ஆட்டம் ஒலிம்பிக்கில் தங்கியது. எங்கள் கட்சி வென்றதாகப் பெருமைப்பட்டோம். மாமல்லனைத் தோற்கடித்தது பந்து அல்ல என்பதை ஒத்துக்கொள்ள எங்களுக்கு இன்னும் சில காலம் பிடித்தது.

பழைய அமெரிக்கப் போட்டிகளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் 1997இல் நடந்ததைப் படித்தோம். அவ்வாண்டு நவம்பர், டிசம்பரில் வட கரோலினா, விஸ்கான்சின், மிச்சிகன் ஆகிய மூன்று இடங்களில் மூன்று கல்லூரி மல்லர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்துபோனார்கள். மூவரும் வியர்வை ஆவியாக விடாத உடைகளை அணிந்து, சூடான இடத்தில், தண்ணீரைக் குறைத்துக்கொண்டு உடற்பயிற்சி செய்தவர்கள். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். அதை அடைத்துவிட்டால் உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும். எங்கள் சைக்கிளுக்கு முன்னால் ஓடிய மழைக்கோட்டைத்தான் அந்த வரிகளில் கண்டோம்.

அந்தச் சாவுகளுக்குப் பின் அங்கே கல்லூரி விதிகள் மாறின. ரப்பர் உடையும் எடை குறைப்பதற்கான நீராவி அறையும் தடைசெய்யப்பட்டன. உடல் இழந்த நீரை ஓரிரவில் மீட்டுக்கொள்ளலாம் என்கிற ஆசைக்கு இடமில்லாதபடி எடை பார்ப்பதைப் போட்டி நேரத்துக்கு அருகே கொண்டுவந்தார்கள். பருவத் தொடக்கத்திலேயே சிறுநீர்ச் சோதனை மூலம் உடலில் நீர் போதுமா என்று பார்த்து, கொழுப்பின் அளவைக் கணக்கிட்டு, இந்த மாணவன் இந்த எடைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று எழுதிவைத்துவிடுகிறார்கள். இறங்குவதானாலும் வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் கூடாது. 60 கிலோக்காரனுக்கு அது 900 கிராம். மாமல்லனுக்கு நாங்கள் கொடுத்தது பத்து நாளில் ஐந்து கிலோ. இந்த விதிகள் வந்து பத்தாண்டுக்கு மேல் கடந்த பிறகே நாங்கள் சைக்கிளில் போனோம் என்பதுதான் எங்களை உறுத்துகிறது. அங்கே எடை குறைப்பு ஒழிந்துவிட்டதென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பயிற்சியாளர் “இறங்கிடு” என்று சொன்னால், முடியாது என்று சொல்ல மாணவன் கையில் ஒரு தாள் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 7. முந்திய நாள் பாரிஸில் வினேஷ் போகட், வேற்றுநாட்டு வீராங்கனை எவரிடமும் அதுவரை தோற்றிராத ஜப்பானின் யுய் சுசாகியை வீழ்த்தி, அடுத்த இரண்டு போர்களையும் வென்று 50 கிலோ இறுதிக்கு வந்திருந்தார். இரவு மாமல்லன் வீட்டு மாடியில் கூடிப் பார்ப்பதாக ஏற்பாடு. நண்பகலிலேயே செய்தி வந்துவிட்டது: காலை எடையில் 100 கிராம் கூடுதல், தகுதி நீக்கம், வெள்ளியும் இல்லை, கடைசி இடம். ஆனாலும் கூடினோம். துக்க வீட்டுக்குப் போவது போலத்தான்.

நூறு கிராம் என்பது ஒரு வாய்ச் சோறு என்றான் ஒருவன். முதல் நாள் எடை சரியாக இருந்து வென்ற மூன்று போட்டிகளை எப்படி அழிக்கலாம் என்றான் இன்னொருவன். இரண்டாம் நாளும் எடை பார்க்கும் முறை 2018இல் வந்ததே தண்ணீர் வற்றவைப்பதைத் தடுக்கத்தானே என்றான் மூன்றாமவன். ஆமூர்ச் சண்டைதான் மறுபடியும். மாமல்லன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “தராச ஏன்டா திட்டறீங்க? அது பொய் சொல்லல. அம்பத்து மூணுல நின்ன பொண்ணு ஏன் அம்பதுக்கு வந்துச்சுன்னு கேளுங்க.”

அவன் சொன்னது உண்மை. 53 கிலோவில் இந்தியாவுக்கான ஒலிம்பிக் இடத்தை அந்திம் பங்கால் பெற்றிருந்தார். ஓர் எடைக்கு ஒருவர்தான். மேலே இடமில்லை; கீழே இருந்தது. இரவு முழுவதும் ஓடியும் தலைமுடியை வெட்டியும் அந்த நூறு கிராம் போகவில்லை.

“அன்னிக்கு என்னை ஓடச் சொன்னது தராசா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே எங்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பதினைந்து ஆண்டுகளாக நாங்கள் சொல்லாமலிருந்த ஒரு வார்த்தையை அன்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னோம். அவன் கையை ஆட்டி, “விடுங்கடா” என்றான்.

அதன் பிறகு எங்கள் கருத்துகள் சற்று மாறின. முழுப் போட்டியையும் அழிக்கிற தண்டனை கொடியது என்பதில் இப்போதும் ஐவரும் ஒன்றே. வினேஷின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த நடுவரே அதன் விளைவுகள் மிகக் கடுமையானவை என்று தீர்ப்பில் குறித்தார். ஆனால் எடைக் கோடு எங்காவது இருக்கத்தான் வேண்டும். நூறு கிராம் தளர்த்தினால் மறுநாள் அந்த நூறுக்கும் ஓடுவார்கள். பாரிஸில் 57 கிலோவில் வெண்கலம் வென்ற அமன் சேராவத், 2025 உலகப் போட்டியில் 1.7 கிலோ கூடுதலாக இருந்து தகுதி இழந்தார். ஒலிம்பிக் மேடையில் தெரியவரும் இந்த நோய் கல்லூரியிலும் அகாடாவிலும் பதினெட்டு வயதில் தொடங்குகிறது. பல்கலைக்கழகப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஆண்டுத் தொடக்கத்தில் குறைந்தபட்ச எடையைச் சோதித்து எழுதிவைக்க வேண்டும் என்பதே எங்கள் ஒரே கோரிக்கை. மெத்தை வாங்கும் செலவில் சிறு பங்கு போதும். யாரும் வீட்டை அடகுவைக்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் தெருப் பையன் ஒருவன் கல்லூரிப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். 61 கிலோப் பிரிவு. 57க்கு இறங்கினால் பதக்கம் நிச்சயம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் யோசனை கேட்டு வந்தான். நாங்கள் நால்வரும் வாய் திறக்கவில்லை. மாமல்லன் அவனை உட்காரவைத்து, “சாப்ட்டியாடா?” என்று கேட்டான். பிறகு தன் கதையைச் சொன்னான், எங்கள் பங்கை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டு. அதை நாங்களே நிரப்பினோம்.

பையன் 61இலேயே போனான். இரண்டாம் போட்டியில் தோற்றான். திரும்பி வந்த இரவு பல்லாவரம் நிலையத்துக்கு நாங்கள் ஐவரும் போயிருந்தோம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நடுவர் தனக்கு ஒரு புள்ளி தராமல் ஏமாற்றிவிட்டார் என்று வாதிட்டுக்கொண்டே வந்தான். எங்களில் மூவர் அவன் பக்கம், இருவர் நடுவர் பக்கம். வழியில் ஒரு கடையில் ஆறு இட்லி தின்றான்.